புதுப்பிப்பு: ‘தி சட்டில் நைஃப்’ முடித்துவிட்டேன்

பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவல் பற்றி முன்பு எழுதியபோது, அதன் நாயகி லைரா இல்லாத பக்கங்களை இரண்டாம் பாகத்தில் என்னால் தாங்க முடியாது என்று சொல்லியிருந்தேன். அந்தப் பாகத்தை (1997) நேற்று இரவு முடித்தேன். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.)

கதை வில் என்ற 12 வயதுப் பையனிடம் தொடங்குகிறது. மனம் சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. ஒரு பூனை காற்றில் காணாமல் போக, இவனும் பின்னாலேயே போய் வேறோர் உலகத்தில் நிற்கிறான். சிட்டகாட்சே என்ற ஊர். பாதி குடித்த கிளாஸ்கள் மேசையிலேயே இருக்கின்றன, பெரியவர்கள் ஒருவரும் இல்லை. ஸ்பெக்டர்கள் என்ற பேய் மாதிரியான உருவங்கள் பெரியவர்களின் உள்ளுயிரைத் தின்றுவிடும், பிள்ளைகளைத் தொடாது.

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல்லில் கால் நீட்டிப் படித்தேன். எங்கள் தெருவில் நேர்மாறு: பூட்டிய வீடுகளுக்கு நடுவே வயதானவர்கள் மட்டும். அதனாலோ என்னவோ, அந்த ஊர் நெஞ்சிலேயே நிற்கிறது.

அந்த ஊரில் சந்திக்கும் லைராவுக்கு வில் ஆம்லெட் போட்டுக் கொடுப்பதும், அவன் கொலைகாரன் என்று அவளிடம் இருக்கும் உண்மை சொல்லும் கருவி சொன்னதும் அவளுக்கு நம்பிக்கை வருவதும் அற்புதம். சூனியக்காரிகள் பகுதி கொஞ்சம் இழுவை.

அப்புறம் பலூன் ஓட்டி லீ ஸ்கோர்ஸ்பியும், அவருடைய உயிரின் பாதியான முயல் ஹெஸ்டரும் சாகிற இடம். தேம்பிவிட்டேன். “என்னத்தா, யாருக்கு என்ன?” என்று அப்பத்தா ஓடி வந்துவிட்டார். மூன்றாவது பாகத்துக்கு இன்று காலையே ஆர்டர் போட்டாயிற்று.