மாருதி 800: கியர் பாக்ஸ் பாதி கழன்று நிற்கிறது, உதவி தேவை

வண்டி 2007 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன் இன்ஜின்), 4 கியர். இடம் வேலூர் காட்பாடி, வீட்டு போர்ட்டிகோ. போன மாதம் ஏலகிரி மலை ஏறும்போது ரேஸ் ஏறுது, வேகம் ஏறல. கிளட்ச் பிளேட் வாசனை வேற. பிளேட் மாற்றத்தான் சனிக்கிழமை கியர் பாக்ஸை இறக்க ஆரம்பித்தேன்.

பேட்டரி, கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், கியர் ராடு எல்லாம் எடுத்தாச்சு. ஆயில் வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் வெளியே. ஸ்டார்ட்டர் மோட்டாரும் கழற்றியாச்சு. இன்ஜின் ஆயில் சம்ப்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்குகிறது, கியர் பாக்ஸுக்குத் தனி ஜாக்கி.

இப்போ சிக்கல்: பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடி இன்ஜினோடு ஒட்டும் கியர் பாக்ஸ் கூடு) மேல்பக்கம் சுமார் 10 மி.மீ. விலகுது, கீழ்ப்பக்கம் 2 மி.மீ.தான். அந்த இடுக்கில் டார்ச் அடித்தால் கீழ் டவல் பின்னை (dowel pin, இன்ஜினையும் ஹவுசிங்கையும் நேராகப் பொருத்தும் முளை) சுற்றி செம்மண் நிறத்தில் துரு தெரியுது. போல்ட் எதுவும் விட்டுப்போகல, சுற்றிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தாச்சு. இன்ஜினைக் கொஞ்சம் இறக்கி ஏற்றி, இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சுக்குள் நுழையும் கியர் பாக்ஸ் தண்டு) நேராக வருகிற மாதிரி சாய்வை மாற்றியும் அசையல. துரு நீக்கும் ஸ்பிரே ராத்திரி முழுக்க ஊறியது. ரப்பர் சுத்தியால் ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காதுப் பகுதியில் தட்டினேன். நெம்புகோல் போடவில்லை, அலுமினிய ஹவுசிங், இன்ஜினோடு ஒட்டும் முகம் கீறினாலோ காது உடைந்தாலோ மாற்றுப் பெட்டிதான் தேடணும். ஹீட் கன் காட்டவும் தயக்கம், பக்கத்திலேயே ஆயில் சீல்.

ஹவுசிங்குக்குச் சேதம் இல்லாமல் அந்தக் கீழ் டவல் பின்னை எப்படி விடுவிப்பது?