கை ஓங்கும் பையனுக்குப் பிரம்பா, பேச்சா?

செந்தூல் கோச் | ஞாயிறு, இரவு 9.40

கோலாலம்பூர், செந்தூலில் 14, 15 வயதுப் பையன்களுக்கு வார இறுதியில் புட்சால் (ஐவர் ஆடும் சிறு கால்பந்து) சொல்லித் தருகிறேன். நேற்று நடந்ததை எழுதுகிறேன், உங்கள் கருத்து வேண்டும்.

ஆட்டம் முடிந்து ஒரு பையன் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பின்னால் மூன்று பேர் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தார்கள். இவன் எழுந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்தில் நின்றவன் முகத்தில் குத்திவிட்டான். உதடு கிழிந்து ரத்தம். குத்தியவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "என்னைப் பார்த்துத்தான் சிரிச்சானுங்க கோச்" என்றான். எப்படித் தெரியும் என்றால், "தெரியும்." அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகியும் அவன் கை நடுக்கம் நிற்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-லேயே இதைக் காட்டியிருக்கிறார். எதிராளி வேண்டுமென்றே செய்தானா, தெரியாமல் செய்தானா என்பது தெளிவாக இல்லாதபோது, அடிதடிக்குப் பேர்போன பையன்கள் 'வேண்டுமென்றேதான்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கை ஓங்குவதற்கு முன்பே பார்வை பிசகிவிடுகிறது. அடுத்தவன் முகத்தைப் படிக்கவும், தன் மனத்தில் ஓடுவது என்ன என்று சொல்லவும் நாம் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. சலோவேயும் மேயரும் 1990-ல் உணர்வு நுண்ணறிவு என்று பெயர் வைத்தது இந்தத் திறமைகளுக்குத்தான். இதைப் பள்ளியில் பாடமாகவே வைக்க வேண்டும் என்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | இரவு 10.15

தம்பி, நான் இடைநிலைப்பள்ளியில் 22 வருடம் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவன். உதடு கிழிந்த பையனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குத்தியவன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடி வாங்கியவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்?

நான் பிரம்பு எடுத்தவன், மறைக்கவில்லை. மாணவிகளை அடிக்கக் கூடாது, மாணவர்களையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அடிக்கலாம் என்பது விதி. அந்த வரம்புக்குள்தான் நின்றேன். தப்பு செய்தால் ஒரு விலை உண்டு என்பது முதலில் பையனுக்குத் தெரிய வேண்டும். மனத்தில் ஓடுவதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஆய்வுகளையும் படித்திருக்கிறேன். பல ஆய்வுகளில் பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து 'உன் கோபத்தை அடக்க முடியுமா' என்கிறார்கள். அடுத்த தாளில் 'ஆத்திரம் வந்தால் அடிப்பாயா' என்கிறார்கள். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டுவிட்டு, உணர்வு நுண்ணறிவு குறைந்தால் முரட்டுத்தனம் கூடுகிறது என்று எழுதினால் எப்படி?

மனநூல் மாணவி | இரவு 11.02

சார், அந்தக் குறை உண்மைதான். அதனால்தான் முகப் படங்களைக் காட்டி உணர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனைகளைத் தனியாக உருவாக்கினார்கள். ஆனால் கேள்வித்தாளில் குறை இருப்பதால் பிரம்பு சரி என்று ஆகிவிடாது. பிள்ளைகளை அடித்து வளர்ப்பது பற்றிய 75 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 1,60,000 பிள்ளைகள், 2016-ல் சேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகத்தான் இருந்தது.

கோச் அண்ணாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீறி அடிப்பது வேறு, கணக்குப் போட்டு அடிப்பது வேறு. இங்கிலாந்தில் சட்டன், ஸ்மித், ஸ்வெட்டன்ஹாம் மூவரும் 1999-ல் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அடுத்தவர் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிப்பதில், சீண்டும் கும்பலின் தலைவர்கள் தங்கள் பின்னால் நிற்பவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அப்படிப்பட்ட தலைவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கும் இதே பாடத்தை நடத்துவீர்களா?

ஓய்வுபெற்ற வாத்தியார் | இரவு 11.20

அடி வாங்கியதால் முரடன் ஆனானா, முரடனாக இருந்ததால் அடி வாங்கினானா? அந்த 75 ஆய்வுகளையும் இதே கேள்வி கேட்க வேண்டும் அம்மா.

மற்றபடி, நீங்கள் சொல்லும் அந்தத் தலைவனை எனக்கு நன்றாகத் தெரியும். 22 வருடத்தில் அவன் ஒரு தடவைகூட என் அறைக்கு வந்ததில்லை.

கெப்போங் அம்மா | திங்கள், காலை 6.10

இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போது படித்தேன். என் மகன் தமிழ்ப்பள்ளி முடித்து நேராக மலாயில் நடக்கும் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்கு, படிவம் 1-க்குப் போனவன். இப்போது படிவம் 2. போன வருடம் ஒருவனை அடித்துவிட்டான் என்று பள்ளியில் கூப்பிட்டார்கள்.

ஆசிரியர் மலாயில் "கெனாபா புகுல் டியா?", ஏன் அவனை அடித்தாய் என்று கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டு "டியா காச்சாவ் சாயா" என்றான். அவன் என்னைச் சீண்டினான், அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டாலும் அதே மூன்று சொல். திமிர் என்று எழுதி மூன்று நாள் பள்ளிக்கு வரக் கூடாது என்றார்கள்.

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே தமிழில் கேட்டேன். "உங்கப்பா எங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுக்கிட்டே இருந்தான்மா. மொதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு. அழுதா இன்னும் சிரிப்பானுங்கன்னு அடிச்சிட்டேன்." என் வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. வெட்கம், அழுகை, பயம், அடி என்று வரிசை தவறாமல் பிள்ளை சொன்னான் சார். அதெல்லாம் தெரியாதவன் இல்லை அவன். கேட்ட மொழியில் அவனிடம் இருந்தது 'காச்சாவ்' ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | திங்கள், காலை 9.30

அம்மா, இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்திருக்க முடியவில்லை. அறிக்கை மலாயில் எழுத வேண்டும் என்பதால் தமிழ்ப் பையன்களிடமும் மலாயில்தான் விசாரித்தேன். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு எத்தனை கோப்புகளை மூடினேனோ. தண்டனை வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கேட்ட விதம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

கோச் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தக் கைப்பேசியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? யாருடைய கைப்பேசி? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

செந்தூல் கோச் | சனி, மாலை 7.20

சார், இன்று கேட்டேன். போன மாதம் ஓர் ஆட்டத்தில் அந்தப் பையன் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு அழுதான். அந்தப் படம்தான் ஓடியிருக்கிறது. அவனைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். அவன் பார்வை பிசகவில்லை. டாட்ஜை இழுத்து அவன்மேல் நான் பழி போட்டது தப்பு, அவனிடமே சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அடித்தது ஆள் மாறித்தான். உதடு கிழிந்தவன் அந்தப் படத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தான். அவன் வீட்டுக்கு நானும் குத்தியவனும் போய்ப் பேசிவிட்டு வந்தோம். படம் எடுத்தது, ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்தது, சரியாகக் குத்தியவன் காதில் விழும் தூரத்தில் அதை ஓடவிட்டது எல்லாம் என் அணித் தலைவன். பொறுமைசாலி, எல்லாரையும் அனுசரித்துப் போகிறவன் என்று நானே தேர்ந்தெடுத்த பையன்.

படத்தை அழிக்க வைத்தேன். தலைவர் பட்டையைக் கழற்றித் தரச் சொன்னேன். கழற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டான்: "நான் யாரையும் அடிக்கலையே கோச்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சார், அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குத் திடலுக்கு வர முடியுமா? அவனிடம் பேசும்போது நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.