வெளிப்பக்கம் ஓடும் கண்: பயிற்சியா, அறுவையா?

ஈரோடு அம்மா:

என் மகளுக்கு விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண். தூரத்தை வெறித்துப் பார்க்கும்போதும் காய்ச்சல் நேரத்திலும் இடது கண் மட்டும் காதுப்பக்கமாக ஒதுங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று நேராகிவிடும். வெயிலில் இறங்கினால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வாள். மாமியார், "மாறுகண் அதிர்ஷ்டமாக்கும், கை வைக்காதே" என்றார். பள்ளி வேனில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்றரைக்கண். அந்த அதிர்ஷ்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு பயிற்சி மையத்தில், "கத்தியே வேண்டாம், பயிற்சியிலேயே சரியாகிவிடும்" என்றார்கள். மருத்துவமனையில் அறுவை வேண்டியிருக்கலாம் என்றார்கள். எனக்குத் தெளிவு வந்தது மருத்துவர் அளந்து காட்டியபோதுதான். பிரிசப் பட்டையை (ஒளியை வளைக்கும் முப்பட்டகங்களை வரிசையாகப் பதித்த பட்டை) ஒரு கண்ணுக்கு முன்னால் படிப்படியாக நகர்த்தி, கண்களை மாற்றி மாற்றி மறைத்து, விழி அசையாமல் நிற்கும்வரை பார்த்தார். கண் விலகும் கோணத்தை டையாப்டரில் சொல்வார்கள்: தூரத்தில் 35 டையாப்டர், கிட்டத்தில் 30. "கிட்டத்தில் மட்டும் ஓடினால் நானே பயிற்சிக்கு அனுப்பியிருப்பேன். தூரத்திலும் இவ்வளவு ஓடும் கண்ணைப் பயிற்சி கொஞ்சம் கட்டுக்குள் வைக்கலாம், கோணத்தைக் குறைக்காது" என்றார். அதற்காக உடனே நாள் குறிக்கவும் இல்லை. கண் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெளியே நிற்கிறது என்று கவனித்து வரச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் போலராய்டு கண்ணாடி மாட்டி, படத்திலிருக்கும் ஈயின் இறக்கையைக் கிள்ளச் சொல்வார்கள். மகள் காகிதத்துக்கு மேலே காற்றில் கிள்ளுவாள். ஆழம் தெரிகிறது என்று பொருள். நான் மகிழ்ந்தேன். ஆனால் அது கிட்டப் பார்வைக்கான சோதனை. தூரத்துக்கான சோதனையில் வரவர அவள் தடுமாறினாள். பாதி நாள் கண் வெளியே நிற்கத் தொடங்கியதும் அறுவைக்குச் சம்மதித்தோம்.

கண்ணை வெளியே எடுத்து வைத்துத்தான் செய்வார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றுமில்லை. வெண்விழியின் மேல்சவ்வைத் திறந்து, தசையைப் பிரித்துச் சற்றுப் பின்னால் தைக்கிறார்கள். தையல் தானே கரைந்துவிடும். எனக்கு இருந்த பயமெல்லாம் முழு மயக்கத்தைப் பற்றித்தான். காலையில் வெறும் வயிற்றோடு போனோம், மாலையில் வீடு திரும்பினோம். கண் இரத்தச் சிவப்பாக இருந்தது. சில நாட்கள் எல்லாமே அவளுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தன. வெளிப்பக்கம் ஓடும் கண்ணை முதலில் சிறிது உள்பக்கமாகவே நிறுத்துவார்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

அறுவையோடு கதை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த வகை மாறுகண்ணுள்ள 197 குழந்தைகளுக்கு இரண்டு விதமாக அறுவை செய்து பார்த்தார்கள். மூன்றாண்டுக்குள் பலன் போதாமல் போனவர்கள் ஒரு முறையில் 46 சதவீதம், மற்றதில் 37 சதவீதம். மறு அறுவை வரை போனவர்கள் குறைவு. இதை எங்கள் மருத்துவர் மறைக்காமல் சொன்னார்; அதனாலேயே அவரை நம்பினேன்.

காரைக்குடி அப்பா:

சகோதரி, எங்கள் வீட்டுக் கதை நேர்மாறு. ஏழாம் வகுப்பு மகனுக்குப் படிக்க உட்கார்ந்தால் தலைவலி, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பாடத்திலிருந்து தப்பிக்கச் சாக்கு என்றே வீட்டில் பேச்சு. சோதித்தால், கிட்டத்தில் மட்டும் இரு கண்களும் குவியவில்லை. அறுவைப் பேச்சே எழவில்லை. கயிற்றில் கோத்த மணிகளில் ஒவ்வொன்றாகப் பார்வையை நிறுத்த வேண்டும். பார்க்கிற மணியில் கயிறு இரண்டாகக் குறுக்கிட்டுத் தெரிந்தால் கண்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. வாரம் ஒரு முறை மருத்துவமனையில், மற்ற நாட்களில் வீட்டில்.

இந்தக் குறைக்குப் பயிற்சி பலிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 221 குழந்தைகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், நேரில் மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்கள், ஒப்பிடுவதற்காகப் பெயரளவில் போலிப் பயிற்சி பெற்றவர்களைவிட மேலாக ஒன்றும் தேறவில்லை. மகனுக்குத் தலைவலி போய்விட்டது. மதிப்பெண் அங்கேயேதான் நிற்கிறது. அதற்குக் கண் பொறுப்பில்லை என்று இப்போது தெரிகிறது.

திருச்சி சித்தி:

அக்கா பையனுக்கு மூன்று வயதில் கண் மூக்குப்பக்கம் திரும்பியது. அதிகமான பிளஸ் பவர் என்று கண்ணாடி போட்டார்கள். போட்டால் நேர், கழற்றினால் உள்ளே. பயிற்சியும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்ததால் நல்ல கண்ணை மூடித் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச். அதை ஒட்டுவதற்குள் வீடு போர்க்களமாகிவிடும்.

சேலம் அம்மா:

நாங்கள் போன பயிற்சி மையத்தில் மொத்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். எத்தனை டையாப்டர் குறைந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னால், "குழந்தை நன்றாக ஒத்துழைக்கிறாள்" என்பதே பதில். வேறு மருத்துவரிடம் அளந்தபோது கோணம் பழையபடியே இருந்தது. ஈரோடு சகோதரி, அறுவைக்குக் காப்பீடு கிடைத்ததா?

ஈரோடு அம்மா:

அழகுக்கான அறுவை என்று முதலில் தள்ளிவிட்டார்கள். தூரத்தில் ஆழப்பார்வை குறைந்துவருவதை முந்தைய அளவுகளோடு சேர்த்து மருத்துவர் கடிதமாகத் தந்தார். அதை இணைத்து மறுபடி அனுப்பிய பிறகே பணம் வந்தது. ஆகவே ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.