விளம்பரப் படத்தில் பின்னணியில் அமர்ந்து பூக்கட்ட அழைக்கிறார்கள், போகலாமா?

தோவாளைப் பிச்சி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தோவாளையில் இருபது ஆண்டுகளாகப் பூக்கட்டும் தொழில் செய்து வருகிறேன். ஒரு கூந்தல் எண்ணெயின் தொலைக்காட்சி விளம்பரத்தை எங்கள் ஊர்ப் பூச்சந்தையில் எடுக்கப்போவதாகவும், நடிகை பூ வாங்கும் காட்சியில் அவருக்குப் பின்னால் பூக்கட்டவும் கூடை சுமந்து நடக்கவும் பதினைந்து பேர் வேண்டும் என்றும் சொல்லி, ஆள் திரட்டித் தருகிற ஒருவர் சென்ற வாரம் வீடு வீடாக வந்து போனார். விடியற்காலை 5 மணிக்கு வந்து மாலை வரை இருக்க வேண்டுமாம். சாப்பாடு போக 800 ரூபாய் தருவார்களாம். ஆனால் பெயரைப் பதிவு செய்ய ஆளுக்கு 500 ரூபாய் முதலில் கட்டச் சொல்கிறார். ஒன்பது வயதான என் மகளையும் அழைத்து வரச் சொல்கிறார்.

அவர் குறித்த நாள் ஓணத்துக்கு முந்திய வாரத்தில் வருகிறது. கேரளத்துக்குப் பூ ஏற்றும் அந்த நாட்களில் ஒரு நாள் வேலையை விடுவது எங்களுக்குச் சிறிய காரியம் அல்ல. அனுபவம் உள்ளவர்கள் விவரம் சொன்னால் எங்கள் தெருவில் உள்ள மற்றப் பெண்களுக்கும் உதவியாக இருக்கும்.

வடசேரி வாசகன்:

அக்கா, சென்னையில் சில ஆண்டுகள் விளம்பரப் படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்த 500 ரூபாயைத் தயவு செய்து கொடுக்காதீர்கள். பின்னணியில் நிற்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும், ஆள் திரட்டியவருக்குத் தரகு கொடுப்பதும் தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. வேலைக்கு வருகிறவரிடம் பதிவுக்கென்றும் புகைப்படத்துக்கென்றும் பணம் கேட்பவரிடமிருந்து விலகி, தயாரிப்பு மேலாளரின் எண்ணை வாங்கி அவரிடமே பேசுங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது நொடி விளம்பரத்தில் உங்கள் சந்தை இரண்டு மூன்று நொடிகள் வந்தாலே அதிகம். அந்த இரண்டு நொடிக்கு ஏன் ஒரு நாள் முழுவதும் என்றால், ஒரே செயலைத் தூரத்திலிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை, நடிகையின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முறை என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒன்றாக ஒட்டுவார்கள். தோவாளையில் மலையை ஒட்டி மேகம் வந்து வெயிலை மறைத்தால், முதல் துண்டில் இருந்த வெளிச்சம் மறுபடி வரும் வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் தொழிலுக்கே உரிய சிரமம் ஒன்று இதில் உண்டு. தூரக் காட்சியில் உங்கள் மடியில் ஒரு முழம் சரம் இருந்தால், பக்கத்துக் காட்சியிலும் அதே ஒரு முழம்தான் இருக்க வேண்டும். கட்டக் கட்டச் சரம் வளர்ந்துவிடும் என்பதால், கட்டியதைப் பிரித்துவிட்டு அதே கண்ணியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வார்கள். இதைத்தான் கண்டினியூட்டி என்பார்கள். 'ஆக்ஷன்' என்றதும் தொடங்கி, 'கட்' என்று கேட்கும் வரை நிறுத்தாமல், கேமராவையும் நடிகையையும் நிமிர்ந்து பார்க்காமல் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது போல் உதடு அசையலாம், சத்தம் வரக் கூடாது. பளிச்சென்ற வெள்ளைச் சேலை வேண்டாம், வெயிலில் வெளுத்துத் தெரியும். நெருக்கமான கோடுகள் போட்ட துணியும் திரையில் அலையடிக்கும்.

உங்கள் முகத்தைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்டு ஒரு படிவம் நீட்டுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எத்தனை ஆண்டுகளுக்கு, தொலைக்காட்சிக்கு மட்டுமா, இணையத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் சேர்த்தா என்ற இரண்டையும் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டு, பிரதி ஒன்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். கூட்டத்தில் ஒரு முகமாக இருப்பதற்குத்தான் 800 ரூபாய். உங்கள் கையையோ முகத்தையோ தனியாகக் காட்டும் காட்சி எடுத்தால் அதற்குக் கூடுதலாகக் கேட்பது முறையானதுதான்.

முட்டம் கரைக்காரன்:

தங்கச்சிக்கு, முட்டத்தில் எடுத்த ஒரு விளம்பரத்தில் வலை இழுக்கும் கூட்டத்தில் ஒருவனாக நின்றவன் நான். தம்பி சொன்னதெல்லாம் சரி. எனக்கு நேர்ந்ததை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பேசிய கூலி ஆள் திரட்டியவர் கைக்குப் போய், எங்கள் கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்தபோதும் ஆளுக்கு இருநூறு குறைந்திருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் யாரிடமும் முறையிட முடியவில்லை. ஆகவே அன்று மாலை படப்பிடிப்பு முடிந்தது என்று பேக்கப் சொன்ன இடத்திலேயே, தயாரிப்பு ஆட்களின் கையிலிருந்தே பணத்தை வாங்குங்கள். பெண்கள் உடை மாற்றவும் ஒதுங்கவும் இடம் உண்டா என்று முந்திய நாளே கேட்டுவிடுங்கள். எங்களோடு வந்திருந்த மீன்காரப் பெண்கள் அதற்காகவே பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

தக்கலை வழக்கறிஞர்:

மகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் நடிப்பதற்குக் குழந்தைகளுக்கு அனுமதி உண்டு. விளம்பரமும் அதில் அடங்கும். ஆனால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்னதாக அனுமதி பெற வேண்டும்; அந்தப் பொறுப்பு தாயுடையது அல்ல. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை வேலை செய்ய வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம், அம்மா. கூட்டத்தில் ஓரமாக நிற்கும் குழந்தைதானே என்று சொல்வார்கள். விதி அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

தோவாளைப் பிச்சி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. படப்பிடிப்பு முடிந்து நான்கு நாட்கள் ஆகின்றன.

500 ரூபாய்க்கு ரசீது கேட்டதும் வந்தவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். மேலாளரிடம் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து பேசி, ஓணச் சமயத்து வருமானத்தை எடுத்துச் சொன்னபோது, பூக்கட்டுகிறவர்களுக்கு மட்டும் 1,200 ரூபாய் தர ஒப்புக்கொண்டார். ஆட்சியர் அனுமதிக் கடிதம் அவர்களிடம் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போனாள்.

தம்பி சொன்னது போலவே ஆறு கண்ணி கட்டுவதும் பிரிப்பதுமாகக் காலை முழுவதும் போயிற்று. பிரித்துக் கட்டியதில் வாழைநார் நைந்து நைந்து அறுந்தது. பிச்சி மொட்டு வெயிலில் வாய் திறக்கத் தொடங்கியதால், காலையில் எடுத்த காட்சியோடு பொருந்தாது என்று ஐஸ் பெட்டியிலிருந்து புது மொட்டு கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் நடிகையின் கைக்குப் பதிலாக என் கையைத் தனியாக எடுத்தார்கள்; அதற்கு 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டேன், கொடுத்தார்கள். கேட்கலாம் என்பதே இங்கே படித்திராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. படிவத்தில் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் இரண்டு ஆண்டுகள் என்று இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

விளம்பரம் இன்னும் வரவில்லை. பார்க்கிறவர்கள் தராசுக்கு இடப்பக்கம் பாருங்கள். பச்சைச் சேலையில் குனிந்து கட்டிக்கொண்டிருப்பது நான்தான்.