புதுப்பிப்பு: எண்ணூர் களிமண்ணில் க்ரீப் (சுமை மாறாமலே மண் காலப்போக்கில் மெதுவாக அமுங்குவது) அதிகமாக வந்ததற்குக் காரணம் கிடைத்தது

போன மாதம் கேட்டிருந்தேன், எண்ணூர் பக்கத்து மென்மையான கடல் களிமண்ணில் 24 மணி நேர ஈடோமீட்டர் சோதனையில் (மண் மாதிரியை வளையத்தில் வைத்து, சுமை ஏற்றி, அமுங்குவதை அளப்பது) க்ரீப்பின் வேகத்தைக் காட்டும் எண்ணான சி ஆல்ஃபா 0.058 வருகிறது, சரியா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சரியாக இருந்தது "சி ஆல்ஃபாவை சிசியால் (சுமை கூடும்போது மண் எவ்வளவு அமுங்கும் என்பதைக் காட்டும் எண்) வகுத்துப் பாருங்கள், அப்புறம் ஒரு வாரம் சுமையை எடுக்காமல் விடுங்கள்" என்ற யோசனைதான். சிசி 0.80, ஆக விகிதம் 0.07. சாதாரண களிமண்ணுக்கு அது பொதுவாக 0.04 சுற்றித்தான் இருக்க வேண்டும், 0.06 சுற்றி என்றால் பீட் (மக்கிய தாவரங்களால் ஆன) மண். சி ஆல்ஃபாவைக் கணிக்க வளைவில் நான் கோடு வரைந்த இடத்தில், மண்ணுக்குள் சுமையால் ஏறிய நீர் அழுத்தமே முழுதாக வடியவில்லை, அதாவது முதல்நிலை கன்சாலிடேஷனின் (நீர் வெளியேறுவதால் மண் அமுங்குவது) வாலைத்தான் க்ரீப் என்று அளந்திருக்கிறேன்.

7 நாள் விட்டதும் 0.034 வந்தது, விகிதம் 0.043. 6 மீட்டர் அடுக்கு, தொடக்க வெற்றிட விகிதம் (மண் துகள்களின் கன அளவுக்கு இடைவெளிகளின் கன அளவு) 2.0 என்றால், அதன்மேல் மண் கரை போட்ட 2ஆம் ஆண்டிலிருந்து 20ஆம் ஆண்டுக்குள் க்ரீப்பால் மட்டும் சுமார் 68 மில்லிமீட்டர் இறங்கும். பழைய மதிப்பில் 116 வந்திருக்கும்!

எதிர்பாராத ஒன்று: நீண்ட வாசிப்பில் வளைவு படிக்கட்டு மாதிரி வந்தது, ஒவ்வோர் இரவும் அமுங்குவதை அளக்கும் டயல் கேஜின் முள் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. மாலையில் ஆய்வகத்தை விட்டுப் போகும்போது ஏசியை அணைப்பதுதான் காரணம், சூடு ஏறினால் களிமண் வேகமாக அமுங்கும். மூன்று நாள் அணைக்காமல் விட்டதும் படிக்கட்டு மறைந்தது. நீண்ட சோதனை செய்பவர்கள் பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, டயல் வாசிப்போடு அதையும் குறித்து வையுங்கள்.