மறுமொழி: துவக்கத்தக்க இயக்கியா, கிளப்பு விரலியா?

அனைவருக்கும் வணக்கம்.

‘பூட்டபிள்’, ‘கிராஷ்’ ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுவிட்டது. நடுவில் ‘துவக்கமா, தொடக்கமா’ என்று ஒரு கிளை பிரிந்து இலக்கணச் சண்டையில் போய் நின்றிருக்கிறது. முதல் மடலில் நண்பர் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

> உதவிப் பக்கம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். பூட்டபிள் யூஎஸ்பி டிரைவைச் செருகியதும் கணினி கிராஷ் ஆவது பற்றியது. ‘துவக்கத்தக்க இயக்கியைச் செருகினால் கணினி நொறுங்குகிறது’ என்று தலைப்பு வைக்கலாமா?

நொறுங்குவது அப்பளம். கணினிக்கு என்ன ஆகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் செருகும் பொருளுக்கு, அதாவது கணினியைத் தன்னிலிருந்தே தொடங்கவைக்கும் பென் டிரைவுக்கு, பெயர் வைப்போம்.

‘இயக்கி’ என்ற சொல்லைச் சாதனங்களை இயக்கும் மென்பொருளுக்கு, அதாவது டிரைவருக்கு, ஏற்கெனவே கொடுத்தாயிற்று. டிரைவுக்கும் அதையே வைத்தால் இந்தப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம். யூஎஸ்பி செருகியதும் விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும் நீலத்திரை வருவதற்குப் பழுதான டிரைவரும் ஒரு காரணம். ‘இயக்கியைச் செருகியதும் இயக்கியின் இயக்கி பழுதாகி’ என்று எழுத நேரும். ‘இயக்ககம்’ என்று பிரித்துக் காட்டுபவர்கள் உண்டு, வன்தட்டுக்கு அது பொருந்தும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற பொருளுக்கு ‘அகம்’ கொஞ்சம் பெரிய வீடு. பென் டிரைவுக்கு ‘விரலி’ புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும். விரலி மஞ்சள் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். வரட்டுமே, இரண்டும் ஒரே வடிவம்தானே!

அடுத்தது ‘தக்க’. உண்ணத்தக்க பழம் என்றால் பழத்தை உண்ணலாம். அப்படியானால் துவக்கத்தக்க விரலி என்பது, விரலியைத் துவக்கலாம் என்றுதான் பொருள்படும். நாம் துவக்குவதோ கணினியை. விரலி அந்த வேலையைச் செய்விக்கிறது. ‘-ஏபிள்’ என்ற ஆங்கில விகுதியைப் பார்த்ததும் ‘தக்க’, ‘கூடிய’, ‘வல்ல’ என்று கை தானாகப் போகிறது. இங்கே அது பொருளையே திருப்பிவிடுகிறது.

> எதற்கு வம்பு? ‘பூட்’ என்றே எழுதிவிடுவோமே. எல்லாருக்கும் புரிகிறது.

பேச்சில் புரிகிறது, நானும் அப்படித்தான் சொல்கிறேன். எழுத்தில் விகுதிகள் ஏறியதும் கெட்டுவிடுகிறது. ‘பூட்டும் விரலி’, ‘பூட்டாத கணினி’, ‘விரலியிலிருந்து பூட்டினேன்’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் சாவியைத் தேடுவார். நம்பகமான மென்பொருளிலிருந்து மட்டும் கணினியைத் தொடங்க விடும் ‘செக்யூர் பூட்’ வசதியை யாராவது ‘பாதுகாப்புப் பூட்டு’ என்று எழுதினால் மட்டும் பொருள் கிட்டத்தட்டச் சரியாகவே வந்துவிடும், அது தனி வேடிக்கை.

அப்புறம் ‘துவக்கு விரலி’. இலங்கை நண்பர் ஒருவர் இதற்குச் சிரிப்புக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போனார். ஏன் சிரித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘பைக்குள் ஒரு துவக்கு விரலி இருக்கிறது’ என்று விமான நிலையத்தில் சொல்லிப் பாருங்கள். சரி, ‘தொடக்கு’ என்று மாற்றினால் அது துடக்கை, அதாவது தீட்டை, நினைவூட்டுகிறது. ‘தொடக்க விரலி’யில் பிழையில்லை. ஆனால் தொடக்கப் பள்ளியைப் போல, புதிதாகக் கற்பவர்களுக்கான விரலி என்று தொனிக்கிறது. ‘எழுப்பு விரலி’யும் வந்திருந்தது. உறக்கநிலையில் இருக்கும் கணினியை விசைப்பலகையைத் தட்டி எழுப்புகிறோமே, அதோடு குழம்பும்.

என் முன்மொழிவு: கிளப்பு விரலி.

கிளம்பு தன்வினை, கிளப்பு பிறவினை. கணினி கிளம்புகிறது, விரலி அதைக் கிளப்புகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுச் சமாளிக்கிறார்கள், நமக்கு அந்தத் தேவையில்லை. ‘வண்டி கிளம்ப மாட்டேங்குது’ என்று சொன்னால் எந்த ஊரிலும் புரியும். ‘கணினி கிளம்பவில்லை’ என்றாலும் அதே மாதிரி, விளக்கம் கேட்காமலே புரியும். இதிலிருந்து பூட் ஆர்டருக்குக் கிளப்பு வரிசை, பூட் மெனுவுக்குக் கிளப்புப் பட்டி, இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடருக்குக் கிளப்பி என்று தேவையான சொற்களும் கிடைக்கின்றன.

வதந்தியைத்தானே கிளப்புவார்கள் என்று கேட்பீர்கள். விலையையும் விளக்கையும் ஏற்றுகிற ‘ஏற்று’தான் பதிவேற்றத்திலும் இருக்கிறது. அதனால் யாரும் தடுமாறவில்லை. இன்னொன்று, ‘மறுதொடக்கம்’ நிலைபெற்றுவிட்ட சொல், அதைப் பிடுங்கிவிட்டு ‘மறுகிளம்பல்’ நட வேண்டாம். எல்லாச் சொல்லும் ஒரே வேரில் முளைக்க வேண்டும் என்ற ஆசை பட்டியல் போடும் நமக்குத்தான், பயனருக்கு இல்லை.

இனி ‘கிராஷ்’. முறிவு, செயலிழப்பு, நிலைகுலைவு மூன்றுக்கும் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. நான் எதற்கும் வாக்களிக்கவில்லை. ‘பென் டிரைவைச் செருகினேன், கிராஷ் ஆயிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால், நாலைந்து கோளாறுகளில் எது என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உதவிப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் மூடினால் அந்தப் பக்கத்தால் பயனே இல்லை.

விரலி செருகியிருக்கும்போது கணினியை இயக்குகிறோம், கரும்திரையில் ஒரு சுட்டி (கர்சர்) மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. இதுதான் அதிகம் கேள்விப்படுவது. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் உள்மென்பொருளான பழைய பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் பதினறும எண்முறையில் 55, ஏஏ என்ற குறி இருந்தால், மீதியில் இருப்பது உருப்படியான நிரலா என்று பார்க்காமல் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். உள்ளே அரைகுறையாக எழுதப்பட்ட நிரல் இருந்தால் கணினி அங்கேயே நிற்கும். பயாஸின் இடத்துக்கு வந்த யூஈஎஃப்ஐ வேறு விதமாகத் தேடுகிறது. விரலியில் ஃபேட் கோப்பு முறைமை கொண்ட பகிர்வுக்குள் (பார்ட்டிஷனுக்குள்) ஈஎஃப்ஐ கோப்புறை, அதற்குள் பூட் கோப்புறை, அதில் உரிய பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். எப்படியானாலும் இங்கே எதுவும் குலையவுமில்லை, முறியவுமில்லை. இயங்குதளம் இன்னும் மேடைக்கே வரவில்லை. இதைக் ‘கிளம்பாமை’ என்போம். விரலியை எடுத்துவிட்டு இயக்கிப் பார்ப்பதும், கிளப்பு வரிசையில் உள்வட்டை மேலே நகர்த்துவதும்தான் மருந்து.

இரண்டாவது வகை லினக்ஸ்காரர்களுக்குப் பழக்கமானது. வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று கருனி (இயங்குதளத்தின் மையமான கெர்னல்) பெயர் வைப்பது, அவை கண்ணில் படும் வரிசையில். விரலி முந்திக்கொண்டால் அதற்கு எஸ்டிஏ போய்விடும், உள்வட்டு எஸ்டிபி ஆகிவிடும். இயங்குதளம் இருக்கும் வேர்ப் பகிர்வு எஸ்டிஏ2-இல் இருக்கிறது என்று கிளப்பியின் அமைப்பில் எழுதிவைத்திருந்தால் கருனி விரலிக்குள் போய்த் தேடும், கிடைக்காது. அப்போது வரலாம் ‘கெர்னல் பேனிக் – நாட் சிங்கிங்’ என்ற வரி. சாதனப் பெயருக்குப் பதிலாக யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை எழுதிவைத்தால் இந்தத் தொல்லை தீரும். விரலியே உள்வட்டை அப்படியே எடுத்த நகலாக இருந்தால் அந்த எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும், அப்போது மாற்ற வேண்டும்.

இதற்குக் ‘கருனிப் பதற்றம்’ என்று ஒருவர் தந்திருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘நாட் சிங்கிங்’கைக் கவனியுங்கள். நினைவகத்தில் மிச்சமிருப்பதை வட்டில் எழுதப் போவதில்லை என்று கருனி அறிவிக்கிறது. தன் நிலை மேலேயே நம்பிக்கை போன பிறகு வட்டில் கைவைக்காமல் நின்றுகொள்வதுதான் பத்திரம். இது பதற்றமே இல்லை, நிதானம். விண்டோஸின் நீலத்திரையும் அப்படித்தான். அதில் வரும் எண்ணை மைக்ரோசாஃப்டே ‘ஸ்டாப் கோடு’ என்கிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ‘நிறுத்தப்பிழை’, அந்த எண்ணுக்கு ‘நிறுத்தக் குறி’.

நிறுத்தப்பிழை ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலும் வரும். 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே யூஎஸ்பி வருடி (ஸ்கேனர்) ஒன்றைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரையைக் காட்டியது. இதனால்தான் இன்னும் வெளியிடவில்லை போலிருக்கிறது என்று அவர் சிரித்துச் சமாளித்தார். 2018-இல் பிட்டிஃபெண்டர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை கொண்ட விரலியைச் செருகினாலே விண்டோஸ் நின்றுவிடுவதைக் காட்டினார். திரை பூட்டப்பட்டிருந்தாலும் நின்றது. விரலியில் எதையும் திறக்க வேண்டியதில்லை, செருகியதும் இயங்குதளம் அதைப் படிக்கப் போகிறதே, அதுவே போதும். ஆகவே ஓடும் கணினியில் நிறுத்தப்பிழை வந்தால் கிளப்பு வரிசையை நோண்டுவது வீண். வேறொரு கணினியில் விரலியை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் யூஎஸ்பி டிரைவர்களைப் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, கிராஷே இல்லாத கிராஷ். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு, அதுவரை ஒழுங்காக வேலை செய்த பழைய லினக்ஸ் விரலிகள் பல கணினிகளில் கிளம்ப மறுத்தன. ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டதாக ஒரு வரி வரும், அடுத்து கணினி அணையும். உண்மையில் நடந்தது, பழைய கிளப்பிகளை இனி நம்பாதே என்ற புது விதியைச் செக்யூர் பூட் பின்பற்றியதுதான். வாசலில் தடுத்து நிறுத்தியதற்கு எப்படி முறிவு என்று பெயர் வைப்பது? ‘கிளப்பு மறுப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். புதிய பதிப்பைப் பதிவிறக்கி விரலியில் எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்சாரம் சார்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் தரும், 3.0 துளை 900. விரலிக்குள் குறுக்குச்சுற்று இருந்தால் அதற்கு மேல் இழுக்கும். சில தாய்ப்பலகைகள் இதைக் கண்டுபிடித்து, 15 விநாடியில் அணைக்கப் போவதாக எச்சரித்துவிட்டு அணைத்துவிடும். இது ‘காப்பு அணைவு’. அந்த விரலியைத் தூக்கிப் போடுங்கள், மறுபடி செருகிச் சோதிக்க வேண்டாம். ‘ஹேங்’குக்கு ‘உறைவு’ என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லாததால் அதைத் தொடவில்லை.

சொற்கள் பட்டியலில் அழகாக இருந்து வாக்கியத்தில் பல்லிளிக்கும் என்று தெரிந்ததுதானே. அதனால் உதவிப் பக்கத்தின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“கிளப்பு விரலியைச் செருகியபடி இயக்கும்போது கணினி கரும்திரையில் நின்றுவிடுகிறதா? அணையும் வரை மின்பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். விரலியை எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். இப்போது கிளம்பினால் இது வெறும் கிளம்பாமைதான், கிளப்பு வரிசையில் உள்வட்டை முதலில் வையுங்கள். கணினி ஓடும்போது செருகியதால் நீலத்திரை வந்திருந்தால் நிறுத்தக் குறியைக் குறித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வது போல இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் பயன்படும். கணினி கிளம்பாதவர் பக்கத்தைத் தானே திறந்து படிக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றபோது, மைக்ரோசாஃப்ட் கொடுத்த மீட்புக் கருவியைக்கூட விரலியில் எழுதித்தான் செருக வேண்டியிருந்தது. அன்றைக்குத் தமிழில் வழி சொல்ல வேண்டியிருந்தால் ‘துவக்கத்தக்க இயக்கி’ என்று யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம்.

‘நிலைகுலைவு’க்கு வாக்களித்தவர்கள் கோபிக்க வேண்டாம். எது என்று தெரியாதபோது பொதுவாகச் சொல்லவும், தலைப்பில் போடவும் அது நல்ல சொல். நண்பர் தலைப்பை ‘கிளப்பு விரலி செருகினால் நிலைகுலையும் கணினி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘கிளப்பு மறுப்பு’ எனக்கே நிறைவாக இல்லை, நாக்கில் இடறுகிறது. வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். ‘கிளப்பு’ ஈழத்திலோ மலேசியாவிலோ வேறு ஏதாவது பொருள் தருகிறதா என்பதையும், இந்த முறை சிரிப்புக்குறியோடு நிறுத்தாமல், அங்குள்ள நண்பர்கள் சொல்லிவிட வேண்டும்.

அன்புடன்.