எட்டமின்னியா, தனிமின்னியா? கேமராவை விட்டு இறங்கிய ஃபிளாஷுக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். 'ஆஃப்-கேமரா ஃபிளாஷ்', அதாவது கேமராவில் செருகாமல் வேறிடத்தில் வைத்து அடிக்கும் ஃபிளாஷ், என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இழை நன்றாகவே நீண்டுவிட்டது. வெளிப்புறச் சாகசப் படப்பிடிப்புப் பயிலரங்கின் கையேடு அச்சுக்குப் போகுமுன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வாக்கு 'தனிமின்னி'க்கு. அண்ணன் முன்வைத்த 'எட்டமின்னி' காதுக்கு அதைவிட நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் மாணவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பாதையில் வைத்துப் பார்த்தபிறகுதான் சொல்கிறேன்.

முதலில் 'மின்னி', அதாவது ஃபிளாஷுக்கான சொல். இதில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம், அக்கா ஒருவரைத் தவிர. தொடக்கத்தில் வந்த 'மின்வெட்டொளி'யைக் கைவிட்டது நல்லதாகப் போயிற்று. மின்வெட்டு என்றால் ஊரில் கரண்ட் போவது. ராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் ஒரு தம்பியிடம் மின்வெட்டொளியை எடுத்துவாருங்கள் என்றால் அவர் மனத்தில் எமர்ஜென்சி லைட்தான் வரும். 'பளிச்சொளி' அழகான சொல், ஆனால் அது வெளிச்சத்தின் பெயர், கருவியின் பெயர் இல்லை. 'மின்னி' கருவியையும் குறிக்கிறது, அதன் வேலையையும் சொல்கிறது. மின்சாரம் என்பது 'மின்' என்ற சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள். மின்னலிலும் மின்மினியிலும் இருப்பது பளிச்சென்று தோன்றி மறையும் பழைய பொருள்தான். ஃபிளாஷ் செய்வதும் அதையேதான்.

அக்கா கேட்ட கேள்வி நியாயமானது: ஃபிளாஷ் என்ற சொல்லே தமிழாகிவிட்டதே, 'ஃபிளாஷ் அடி' என்று எல்லோரும் சொல்கிறோமே, புதுச்சொல் எதற்கு? இங்கே சிங்கப்பூரில், பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கடைக்காரரிடம் நானும் ஃபிளாஷ் என்றுதான் கேட்பேன். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு சொல் மட்டும் போதாது, அதைச் சுற்றி ஒரு குடும்பமே வேண்டியிருக்கிறது. மின்னியது, மின்னவில்லை, இரண்டு முறை மின்னிற்று, முன்னாலேயே மின்னிவிட்டது என்றெல்லாம் பேச வேண்டியிருக்கிறது. வினைச்சொல் கையில் இருந்தால் இவை தாமாக வந்து விழும். அதோடு, இந்த ஊரில் தொண்டூழியரும் (வாலன்டியர்) ஈரச்சந்தையும் (வெட் மார்க்கெட்) உணவங்காடியும் (ஹாக்கர் சென்டர்) நம் வாயில் சரளமாகப் புழங்கவில்லையா? ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதல் தடவை கேட்டு விழிப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள். சொல் புழங்கினால் நிற்கும். புழங்குவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். நம் பயிலரங்கு அப்படி ஓர் இடமாக இருக்கட்டும்.

நம் வகுப்புக்கு வருகிறவர்களையும் மனத்தில் வைக்க வேண்டும். பாதிப்பேர் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். இங்கேயே பிறந்தவர்கள், ஆங்கிலச் சொல் அவர்களுக்குத் தெரியும், தமிழில் ஒளியைப் பற்றிப் பேசித்தான் பழக்கமில்லை. மீதிப்பேர் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற தம்பிமார். அவர்களுக்குத் தமிழ்ச்சொல் என்பது விளக்கமும்கூட. சொல் என்ன சொல்கிறதோ அதை அப்படியே செய்வார்கள். கலைச்சொல் ஆக்குகிறவர்களுக்கு இதைவிடக் கண்டிப்பான சோதனை கிடையாது.

சரி, இப்போது முன்னொட்டுக்கு வருகிறேன்.

'வெளிமின்னி' சரிப்படாது. கேமராவின் தலையில் செருகிய ஃபிளாஷும் கேமராவுக்கு வெளியே இருப்பதுதான். 'புறவொளி' இன்னும் ஆபத்து. வெயில், வானம், மரநிழல் என்று சூழலில் ஏற்கெனவே இருக்கிற ஒளியோடு அது குழம்பும். நம் வகுப்பின் உயிரே இந்த இரண்டு ஒளிகளையும் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு திறந்திருக்கும் நேரத்தை, 1/60 வினாடியிலிருந்து 1/200 வினாடிக்கு மாற்றினால் பின்னால் இருக்கும் வானம் கருக்கும், ஆள்மீது விழும் மின்னியின் ஒளி அப்படியே இருக்கும். ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் மின்னி தன் வேலையை முடித்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. இதை முதல்முறை புரிந்துகொள்ளும்போது மாணவர் முகத்தில் வருகிற மலர்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு ஒளிக்கும் ஒரே மாதிரி பெயர் வைத்து அதைக் கெடுக்கக் கூடாது. சூழலில் இருப்பது 'சூழலொளி', நாம் கொண்டுபோவது மின்னியின் ஒளி. இந்த வேறுபாடு பெயரிலேயே இருக்க வேண்டும்.

'விலகொளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வினைத்தொகை, எழுத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் அறிவியல் படித்தவர்களுக்கு ஒளிவிலகல்தான் நினைவுக்கு வரும், தண்ணீரில் நிறுத்திய கோல் வளைந்து தெரிகிற விஷயம். அந்த இடம் ஏற்கெனவே வேறு சொல்லுக்குப் போய்விட்டது. 'பக்கமின்னி' ஒரு திசையை மட்டும் சொல்கிறது. பாறை ஏறுகிறவரைப் படமெடுக்கும்போது பக்கத்திலிருந்து அடித்தால் கருங்கல்லின் சொரசொரப்பு எழுந்து வரும், உண்மைதான். ஆனால் கயாக் துடுப்பிலிருந்து தெறிக்கும் நீர்த்துளிகள் மினுங்க வேண்டுமானால் மின்னி பின்னால் இருக்க வேண்டும். அங்கே 'பக்கம்' பொய்யாகிவிடும்.

ஆக மீதம் நிற்பவை எட்டமின்னியும் தனிமின்னியும்.

போன ஞாயிற்றுக்கிழமை செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் மலைச் சைக்கிள் பாதையில் 'எட்டமின்னி'யை வைத்துப் பார்த்தோம். மாலை நேரம். மேலே இலைக்கூரை அடர்த்தி, ஆகவே பாதையில் நிழல், இலைகளின் இடுக்கில் மட்டும் வெள்ளையாக வானம். பாதை வளையும் இடத்தில் முந்திய நாள் மழையின் சேறு. சைக்கிள் அதில் இறங்கும்போது சக்கரம் சேற்றை வாரி எறியும். அந்தச் சேறு காற்றில் நிற்கும்படி படம் வேண்டும். கேமரா வளைவுக்குக் கீழே. மின்னி பாதையை விட்டு உள்ளே தள்ளி, ஆனால் சைக்கிள் கடக்கும் புள்ளியிலிருந்து 2 மீட்டரில் இருக்க வேண்டும். கம்பத்தில் மாட்டிய மின்னியைக் கையில் பிடித்திருந்தவர் கப்பல் பட்டறைத் தம்பி ஒருவர், வகுப்பிலேயே கூர்மையானவர்.

"எட்டமின்னி தயாரா?" என்று கேட்டதும் அவர் பின்னாலேயே நகர்ந்து, சைக்கிள் கடக்கும் புள்ளியிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியில் போய் நின்றுகொண்டார். "கிட்ட வாங்க" என்றோம். கேமராவைப் பார்த்து நடந்து வந்தார். அவரிடம் ஒரு தவறும் இல்லை. எட்ட என்றால் எட்டப் போவது, கிட்ட என்றால் கூப்பிடுகிறவரின் கிட்ட வருவது. சொல் அப்படித்தான் சொல்கிறது.

அந்த 2 மீட்டர் என்ன செய்தது என்று பாருங்கள். தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும். படம் இரண்டு ஸ்டாப் இருண்டுவிட்டது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). ஈடுகட்ட மின்னியின் திறனை முழுத்திறனில் 1/8-இலிருந்து 1/2-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியதும் வெளிச்சம் சரியாகிவிட்டது, சேறு சரியாகவில்லை. நாம் பயன்படுத்துகிற மாதிரியான சிறு மின்னிகளில் திறனைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரமும் சுருங்கும், கூட்டினால் நீளும். 1/8-இல் துளித்துளியாக நின்றிருக்கக்கூடிய சேறு 1/2-இல் கோடு கோடாக இழுத்துக்கொண்டது. அதோடு மின்னி மறுபடி நிரம்பவும் கூடுதல் நேரம் பிடித்தது. அடுத்த சைக்கிள் வந்தபோது மின்னி தயாராகவே இல்லை, "மின்னல, மின்னல!" என்று தம்பி கத்துகிறார். ஒரு முன்னொட்டு செய்த வேலை இத்தனையும்.

அண்ணன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வகைப் படத்தில் மூன்று தூரங்கள் இருக்கின்றன: கேமராவுக்கும் ஆளுக்கும், மின்னிக்கும் ஆளுக்கும், கேமராவுக்கும் மின்னிக்கும். ஆள்மீது மின்னியின் ஒளி எவ்வளவு விழும் என்பதை முடிவுசெய்வது நடுவில் சொன்ன ஒன்றுதான். கேமரா 6 மீட்டரில் இருந்தாலும் 20 மீட்டரில் இருந்தாலும், மின்னி ஆளுக்கு 2 மீட்டரில் இருக்கும்வரை அதன் திறனைத் தொட வேண்டியதில்லை. 'எட்ட' என்ற சொல் இந்தக் கணக்கில் இடமே இல்லாத மூன்றாவது தூரத்தைப் பெயரில் ஏற்றி வைக்கிறது. பெயரில் இருப்பதைத்தான் மாணவர் முக்கியம் என்று எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, எட்ட வைக்காமலும் இதைச் செய்கிறோம். பாறை ஏறுகிறவரின் இடுப்பில் கயிற்று முடிச்சை நெருக்கத்தில் எடுக்கும்போது வலக்கையில் கேமரா, இடக்கையில் மின்னி. இரண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. ஆனாலும் ஒளி வருகிற திசை மாறிவிட்டது, முடிச்சின் முறுக்கு தெரிகிறது. இதை எட்டமின்னி என்று எப்படிச் சொல்வது?

தனிமின்னிக்கு எதிராக வந்த வாதம் ஒன்றே ஒன்று: கடையில் தனியாக வாங்கிக் கேமராவின் தலையில் செருகுகிற ஃபிளாஷும் தனிக்கருவிதானே, அதையும் தனிமின்னி என்று நினைத்துவிட மாட்டார்களா? அதற்குத்தான் அது இருக்கும் இடத்தை வைத்தே பெயர் கொடுப்போம் என்கிறேன். கேமராவுக்குள்ளேயே இருப்பது உள்மின்னி. தலையில் ஏறி உட்கார்ந்தால் தலைமின்னி. அதே கருவி தலையை விட்டு இறங்கித் தனிக்குடித்தனம் போனால் தனிமின்னி. தனிக்குடித்தனம் அடுத்த தெருவிலும் இருக்கலாம், அதே மாடியில் எதிர்வீட்டிலும் இருக்கலாம், தூரம் அங்கே பேச்சே இல்லை. தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது என்பதுதான் பேச்சு. ஆஃப்-கேமரா என்பதன் சாரமும் அதுதான். கேமரா பார்க்கிற திசையிலிருந்தே ஒளி வர வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. அந்தக் கட்டாயம் போனபிறகு எங்கே வைப்பது என்பது நம் முடிவு, அதை முடிவெடுக்கத்தான் பயிலரங்கு. 'தனி' தூரத்தையும் சொல்லவில்லை, திசையையும் சொல்லவில்லை. ஆகவே எந்த இடத்திலும் பொய்யாகாது. பாதையில் கத்திச் சொல்லவும் எளிது, காற்றிலும் மழைத்தூறலிலும் தெளிவாகக் கேட்கும்.

கட்டளைக்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். கிட்ட, எட்ட என்று வெறுமனே சொல்லாமல் 'ஆளுக்குக் கிட்ட', 'ஆளுக்கு எட்ட' என்றே சொல்வோம். அன்றைக்கே பிற்பாதியில் அப்படிச் சொல்லிப் பார்த்தோம். தம்பி சரியாக 2 மீட்டரில் போய் நின்றார்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 'ஸ்லேவ்' என்பதை 'அடிமை' என்று பெயர்த்திருந்த வரியை எடுத்துவிடுங்கள். தம்பிமார் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சொல்லை நான் உச்சரிக்க மாட்டேன். இன்னொரு மின்னியைக் கண்டு தானும் மின்னுவது 'துணைமின்னி', அவ்வளவு போதும். கம்பியில்லாமல் மின்னியை இயக்கும் ரேடியோ டிரிகரில் கேமராமேல் இருப்பது 'அனுப்பி', மின்னியில் இருப்பது 'வாங்கி'. கண்ணால் பார்த்து இயங்கும் துணைமின்னி வெட்டவெளி வெயிலில் ஏமாற்றிவிடும், ரேடியோவை நம்பலாம் என்ற குறிப்பை அதே இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஷட்டரின் திரைகள் இரண்டில் பின்னது மூடத் தொடங்குமுன் மின்னுவதற்குப் 'பின்திரை ஒத்திசைவு' என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சைக்கிளுக்குப் பின்னால் ஒளிக்கோடு இழுபடுவது அதனால்தான் என்று ஒரு படம் போட்டால் புரிந்துவிடும். மின்னியின் முன்னால் ஒட்டும் வண்ண ஜெல்லுக்கு 'வண்ணத்தாள்' போதும். மின்னியின் ஒளியைப் பரப்பும் குடை குடைதான், ஆனால் புலாவ் உபின் தீவின் கடலோரக் காற்றில் அது பாய்மரமாகிவிடும், மணல்மூட்டை கட்டாயம் என்று தடித்த எழுத்தில் போடுங்கள். காட்டில் இரவு விலங்குகள் முகத்தில் மின்னக் கூடாது என்பதும் அங்கேயே.

எனக்கு இன்னும் திருப்தி வராதது 'ஹை-ஸ்பீடு சிங்க்' ஒன்றுதான். 'அதிவேக ஒத்திசைவு' என்று வரைவில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை, ஓர் இடுக்கு மட்டும் ஓடுகிறது. அந்த இடுக்கு ஓடி முடியும்வரை மின்னி விட்டுவிட்டு மிக வேகமாகத் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் திறன் அவ்வளவு குறைகிறது. 'அதிவேகம்' என்றதும் மாணவர்கள் மின்னி அதிவேகமாக ஒருமுறை அடிக்கிறது, ஆகவே அசைவு இன்னும் நன்றாக உறையும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பது அது இல்லை. 'துடிமின்னல்' என்று எழுதிப் பார்த்தேன், துடிப்பு பெயருக்குள் வந்துவிடுகிறது. ஆனால் தலைப்பாகப் படிக்கும்போது கொஞ்சம் கவிதையாகத் தெரிகிறது. அக்கா, உங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை கையேடு அச்சகத்துக்குப் போகிறது.

அன்புடன்